மோய் ஆற்றின் இந்தப் பக்கம்

மே சோட்டில் யாராவது உங்களை எட்டு மணிக்கு வரச் சொன்னால், "தாய்லாந்து எட்டா, பர்மா எட்டா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. மோய் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாய்லாந்தின் மே சோட், அந்தப் பக்கம் பர்மாவின் மியாவடி. கோடையில் இறங்கி நடந்தே கடக்கும் அளவுக்கு வற்றிவிடுகிற ஆறுதான். ஆனால் இரண்டு கரைக்கும் அரை மணி நேர வித்தியாசம், பர்மா பின்னால். இங்கே வேலைக்கு வந்திருக்கும் பர்மியர்கள் பலர் வீட்டுக் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. நான் பாடம் எடுத்த பள்ளியில் மணி அடித்தது தாய்லாந்து நேரத்துக்கு, பிள்ளைகள் தூங்கி எழுந்தது பர்மா நேரத்துக்கு.

2023 ஜூனில், மழை தொடங்கிய நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன், வயது 23. ஒரு கல்வியாண்டு தன்னார்வ ஆசிரியராக இருப்பது என்று ஏற்பாடு. ஊதியம் கிடையாது, தங்க இடமும் மதியச் சாப்பாடும் பள்ளியில். தன்னார்வலருக்கும் தாய்லாந்தில் வேலை அனுமதி வேண்டும் என்பதால் அந்தக் காகித வேலை மட்டும் கொஞ்சம் இழுத்தது. மற்றபடி பாங்காக்கில் இரவுப் பேருந்து ஏறினால் காலையில் மலை இறங்கி மே சோட்.

இந்தப் பள்ளிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மே சோட் இருக்கும் தாக் மாகாணத்தின் எல்லையோரத்தில் பர்மியக் குடும்பங்கள் தலைமுறையாக வந்துகொண்டே இருக்கின்றன. ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சி ஒடுக்கப்பட்டபோது வந்தவர்கள் உண்டு. கரேன் இன மக்களின் கிராமங்களில் நடந்த போருக்குத் தப்பி வந்தவர்கள் உண்டு, அவர்களுக்காக 1984-இல் உருவான மே லா அகதி முகாம் இன்னும் இருக்கிறது. தையல் ஆலைகளுக்கும், சோளம், கரும்புக் காடுகளுக்கும், போப் ப்ரா பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்கும் கூலிக்கு வந்தவர்கள்தான் அதிகம். 2005-இல் தாய்லாந்து அமைச்சரவை, ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் படிக்க உரிமை உண்டு என்று முடிவெடுத்தது. ஆனால் தாய்லாந்து மொழிப் பள்ளியில் சேர முடியாத, அல்லது ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கையில் பர்மிய மொழியில் படிக்கிற பிள்ளைகளுக்காகப் புலம்பெயர்ந்தவர்களே தொடங்கிய கல்வி மையங்கள்தான் இவை. பல காலமாக நன்கொடையில் ஓடுகின்றன. ஆசிரியர்களும் புலம்பெயர்ந்தவர்களே. 2021 பிப்ரவரியில் பர்மா ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து அரசு வேலையை இழந்த ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள்.

வெளிநாட்டில் பழகிக்கொள்வது என்றாலே எல்லோரும் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. நான் வியாசர்பாடிக்காரி. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸும் மொய்ங்காவும் தின்று வளர்ந்தவள். எங்கள் ஊர்க் கடைகளில் மொய்ங்கா என்றால் பெரும்பாலும் வாழைத்தண்டுச் சாறு. அங்கே அது மீனை வேகவைத்து, முள் எடுத்து, எலுமிச்சைப்புல் தட்டிப் போட்டு, கடலை மாவில் கெட்டியாக்கிய காலைச் சாப்பாடு. வாழைத்தண்டு மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ங்கப்பி என்கிற மீன் விழுதின் வாசனை, கருவாடு வறுக்கிற வீட்டில் வளர்ந்தவர்களை ஒன்றும் செய்யாது. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் குனிந்து கடப்பது, கொடுப்பதை வலது கையால் கொடுப்பது, யார் தலையையும் தொடாமல் இருப்பது, இதெல்லாம் ஒரு வாரத்தில் உடம்புக்கு வந்துவிடும்.

வகுப்பறைதான் வேறு உலகமாக இருந்தது.

தகரக் கூரை. வகுப்புகளுக்கு நடுவே ஆளுயரத் தடுப்பு, அதற்கு மேல் வெட்டவெளி. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் எட்டாம் வகுப்புக்கும் அதே வாய்ப்பாடுதான். மழை கொட்ட ஆரம்பித்தால் பேச்சு எடுபடாது. அப்போது எல்லா ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கரும்பலகையில் எழுதத் தொடங்குவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அரை மணி மழை பெய்தால் அரை மணி எழுத்து.

நான் உள்ளே நுழைந்ததும் முப்பது பிள்ளைகளும் எழுந்து, இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, நீட்டி முழக்கி "மிங்கலாபா சயாமா" என்பார்கள். ஆண் ஆசிரியர் சயா, பெண் ஆசிரியர் சயாமா. அப்புறம் உட்கார்வார்கள். நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, புரிந்ததா என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் புரிந்தது என்று சொல்லும். யாராவது வந்து போடுங்கள் என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். நம் ஊர் வகுப்பிலும் கூச்சம் உண்டுதான். இது கூச்சம் இல்லை. இடைவேளையில் என் கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைச் சாந்தைப் பூசிவிட்டுச் சிரிக்கிற அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

எனக்கு மொழிபெயர்க்கவும் துணைக்கும் ஒரு கரேன் ஆசிரியை வகுப்பில் இருப்பார். இளைய சயாமா என்று எல்லோரும் சொல்வார்கள், என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒருநாள் மாலை குறிப்பேடுகள் திருத்தும்போது அவர் விளக்கினார். புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்து பேரையும் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடக் கற்ற பிள்ளைகள் அவர்கள். ஆசிரியர் சொன்ன பிறகும் புரியவில்லை என்று சொன்னால், நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எல்லோர் முன்பும் சொன்னதாக ஆகிவிடும். அவ்வளவு மரியாதைக்குறைவாக எந்தப் பிள்ளை நடந்துகொள்ளும்?

அவரிடம் அதற்கு ஒரு வழியும் இருந்தது. ஜன்னல் ஓரம் ஒரு பழைய குறிப்பேட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யார் வேண்டுமானாலும், பேர் போடாமல், சந்தேகத்தை அதில் எழுதலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பிரித்து, "யாரோ ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்" என்று சொல்லி விளக்குவார். நான் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள் வேகமாக நிரம்பின. எட்டாம் வகுப்புக்கு என்ன புரியவில்லை என்று நான் தெரிந்துகொண்டது முழுக்க அதிலிருந்துதான்.

கல்லூரியில் செயல்வழிக் கற்றல், குழுவாகப் படிப்பது என்று நிறையக் கேட்டிருந்தேன். அதெல்லாம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்பை அசைத்த பாடம் எது என்று கேட்டால், இளைய சயாமா எடுத்த சதவீதப் பாடத்தைத்தான் சொல்வேன். புத்தகத்தில் வங்கி வட்டி இருந்தது. அந்த வகுப்பில் ஒரு வீட்டுக்கும் வங்கிக் கணக்கு இல்லை. நான் அசல், வட்டி என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் இருந்து எழுந்து வந்தார், சுண்ணாம்புக் கட்டியை வாங்கினார். "அம்மா ஊருக்கு 5,000 பாட் அனுப்புகிறார். உண்டியல்காரர் நூற்றுக்கு 2 பாட் எடுத்துக்கொள்கிறார். 1 பாட்டுக்கு 100 கியாட். பாட்டி கையில் எவ்வளவு கிடைக்கும்?"

பாட் தாய்லாந்துப் பணம், கியாட் பர்மாப் பணம். வங்கி இல்லாமல் ஊருக்குப் பணம் அனுப்பித் தருகிறவர்தான் உண்டியல்காரர். வகுப்பு கத்தத் தொடங்கியது. உண்மையில் கத்தியது. ஒருவன் 4,90,000 என்றான். இன்னொருவன் எழுந்து நின்று, இன்றைக்கு விலை 100 இல்லை, 98 என்றான். முன்வரிசைப் பெண், தங்கள் உண்டியல்காரர் நூற்றுக்கு 3 எடுக்கிறார், அவர் ஏமாற்றுகிறாரா என்று இளைய சயாமாவிடமே நேரடியாகக் கேட்டாள். வீட்டில் அந்தக் கைபேசி அழைப்புகளைச் செய்வது இந்தப் பிள்ளைகள்தான். ஊரில் விலை என்ன, எந்த ஆள் நம்பகம், பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுச் சொல்வதும் அவர்கள்தான். சதவீதத்தை வாழ்க்கையில் தினமும் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் பெயர்தான் புதிது. அன்று முதல் எங்கள் ஏற்பாடு மாறியது. அவர் பாடத்தைத் தொடங்குவார், நான் அடுத்த படிகளை எடுப்பேன். கணக்கில் எனக்குத் தெரிந்தது அவரைவிட அதிகம், அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது என்னைவிட அதிகம்.

இந்த விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்னிய நாட்டுக்குப் போன தன்னார்வலர் என்று என்னை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே அன்னியர் இல்லாதவர் யார்? தலைமையாசிரியை, இளைய சயாமா, சமையல்கார அம்மா, பிள்ளைகள், எல்லோரும் வேறு நாட்டில் இருப்பவர்கள். என் கையில் கடவுச்சீட்டு இருந்தது, பலர் கையில் அது இல்லை. புது நாட்டில் எப்படி இருப்பது என்பதில் என்னைவிடப் பல வருடம் அனுபவம் உள்ளவர்களுக்கு நடுவே நான் இருந்தேன்.

ஆகஸ்டில் எனக்குக் கடும் காய்ச்சல். இரவு நேரம். பள்ளி வளாகத்தில் தங்கிப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை மோட்டார் சைக்கிள் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செவிலியர் தாய்லாந்து மொழியில் கேட்பதை அவள் கேட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் தன் நெற்றியை, கண்ணுக்குப் பின்புறத்தை, மூட்டைத் தொட்டுக் காட்டி "வலி?" என்பாள். டெங்கு. ரத்தம் எடுத்தபோது என் முகத்தை அவள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். பத்து வயதிலிருந்து அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இதைச் செய்துகொண்டிருக்கிறாளாம். சோதனைச் சாவடியில் என்ன பேசக் கூடாது, எந்தக் காகிதத்தை எந்தப் பையில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அன்று திரும்பி வரும் வழியில் எனக்கும் சொல்லித் தந்தாள்.

அக்டோபர் பௌர்ணமியில் ததிங்யுட் விளக்குத் திருவிழா. அதையொட்டிப் பள்ளிகளில் ஆசிரியர்களை வணங்கும் நிகழ்ச்சி நடக்கும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, கைகூப்பி, மூன்று முறை தலை தாழ்த்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து பரிசு வைத்தார்கள். சோப்பு, துண்டு, த்ரீ-இன்-ஒன் காபிப் பொட்டலம், ஒரு பிள்ளை இரண்டு முட்டை. நாள் கூலி வாங்கும் வீட்டிலிருந்து வருகிற முட்டை. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். "இது உனக்கு இல்லை. அவர்களுடையது. வாங்கிக்கொண்டு ஆசி சொல்" என்றார். சொன்னேன், தமிழில்தான் வந்தது. நல்லா இருங்க, நல்லா படிங்க. யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சயாமாஜீ என்று எல்லோரும் அழைத்த அந்தத் தலைமையாசிரியையைப் பற்றி ஒரு விஷயம் எழுத வேண்டும். நான் போன புதிதில் ஒரு சின்னப் பையன் என்னைக் காட்டி அம்மாவிடம் "கலா" என்றான். இந்தியரையும் நம் போன்ற கறுத்தவர்களையும் குறிக்கிற சொல், மரியாதையானது இல்லை. அம்மா அவன் வாயைப் பொத்தினாள். வெளிநாட்டு ஆசிரியை வருகிறார் என்றதும் வெள்ளைக்காரப் பெண்ணை எதிர்பார்த்திருந்த பெற்றோரும் இருந்தார்கள். எனக்கு வலித்தது. சயாமாஜீயிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்தார். அப்புறம் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் குடும்பக் கதையைச் சொன்னார். பெகு பக்கம் நெல் விவசாயக் குடும்பம். 1930-களில் நெல் விலை விழுந்தபோது தாத்தாவின் நிலம் கடனுக்காகச் செட்டியார் கைக்குப் போய்விட்டது.

அந்தக் காலகட்டத்தை அப்புறம் தேடிப் படித்தேன். பொருளாதார வீழ்ச்சியில் கடன் அடைக்க முடியாத விவசாயிகளின் நிலங்கள் கைமாறி, 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் வசம் இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் இல்லை. வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது பணம், வந்து சேர்ந்தது வயல். ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் பக்கத்தில் நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு பாதி. 1942-இல் ஜப்பானியருக்குப் பயந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள். 1960-களில் கடைகள் அரசுடைமையானபோது கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலில் திரும்பியவர்கள். எங்கள் தெருவிலேயே அப்படித் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கண்ணீர் உண்மை. சயாமாஜீயின் தாத்தா விட்ட கண்ணீரும் உண்மை. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிற தமிழர் இரண்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சிறுவன் பிறகு எனக்கு நல்ல நண்பன். நான் வியாழக்கிழமை பிறந்தவள் என்று கைபேசியில் பார்த்துச் சொன்னதும், வியாழனுக்கு ப, ம வரிசைதான் என்று முடிவு செய்து, மழையோடு வந்ததால் "மோ" என்று எனக்குப் பெயர் வைத்த கூட்டத்தில் அவனும் ஒருவன். மோ என்றால் மழை. பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வைப்பார்கள், குடும்பப் பெயர் கிடையாது. படிவங்களில் அந்தக் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பது அவர்களுக்கும் எங்களுக்கும் பொது.

பழக்கமே ஆகாத விஷயம் ஒன்று உண்டு. காலி இருக்கை. நேற்று வரை வந்த பிள்ளை இன்று வராது. அப்பாவுக்கு வேறு காட்டில் வேலை, அல்லது அம்மாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள், அல்லது ஆலையில் சேர வயது வந்துவிட்டது. சொல்லிக்கொண்டு போகும் பழக்கம் இல்லை. நேரமும் இருக்காது. இளைய சயாமா வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை மாதக் கடைசி வரை அடிக்க மாட்டார்.

2024 பிப்ரவரி 10-ஆம் தேதி பர்மா ராணுவம் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆண்களில் 18 முதல் 35, பெண்களில் 18 முதல் 27. அதன் பிறகு வந்தவர்கள் குழந்தைகள் இல்லை, என் வயதுக்காரர்கள். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர்கள். கையில் இருக்கும் சான்றிதழ் எங்கும் செல்லாது என்பதால் பள்ளிப் படிப்புக்கு ஈடான ஜிஇடி என்ற அமெரிக்கத் தேர்வுக்குப் படிக்க வந்தார்கள். நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 145 வேண்டும். மாலை வகுப்பு எனக்கு. இவர்கள் கேள்வி கேட்டார்கள், நிறையவே கேட்டார்கள். பர்மாவில் மேல்நிலை வகுப்புக் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், அதை மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள். தேற்றங்களை வரி தவறாமல் ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தெரிந்த ஒருவர், அந்த வரி என்ன சொல்கிறது என்று படம் போட்டுக் காட்டியதும், "இவ்வளவுதானா? இதற்கா நான் அழுதேன்?" என்று கோபப்பட்டார்.

ஏப்ரலில் பள்ளி விடுமுறை, ஜிஇடி வகுப்பு மட்டும் நடந்தது. அந்த மாதம் எதிர்ப்புப் படைகள் மியாவடியைப் பிடித்தன, பின்பு ராணுவம் திரும்பி வந்தது. 20-ஆம் தேதி, இரு கரையையும் இணைக்கும் இரண்டாம் நட்புறவுப் பாலத்துக்குப் பக்கத்தில் சண்டை. ஒரே நாளில் சுமார் 3,000 பேர் ஆற்றைக் கடந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் திஞ்சான், தண்ணீர் ஊற்றி விளையாடுகிற புத்தாண்டு. தாய்லாந்துக்கு அது சொங்க்ரான், எங்களுக்குச் சித்திரை ஒன்று. மூன்றும் அதே நாட்களில்தான். வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வகுப்பு நடந்தது. நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, செய்தி வந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கணக்குக்கு வருவார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு கணக்கு போட்டோம். அந்த வகுப்பின் மீது எனக்கு இருந்த மரியாதை வேறு எந்த வகுப்பின் மீதும் இருந்ததில்லை.

தன்னார்வ ஆசிரியராகப் போக விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஒரு கல்வியாண்டு இருக்க முடியாதவர்களைப் பள்ளிகள் வகுப்பறைக்குள் விடக் கூடாது. மூன்று வாரத்துக்கு வந்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் போய்விடுகிறவர்கள் ஏற்கெனவே அதிகம். குறைந்த நாட்களே இருக்கிறது என்றால் ஆசிரியர்களோடு உட்காருங்கள், பாடத்திட்டம் போட உதவுங்கள், நன்கொடை தேடித் தாருங்கள். உள்ளூர் ஆசிரியரின் சம்பளத்துக்கு ஒரு வழி கிடைத்தால் அது பத்துத் தன்னார்வலர்களைவிட மேல். இளைய சயாமா போன்றவர்களுக்கு அங்கே கிடைக்கும் தொகை ஆலைக் கூலியைவிடக் குறைவு. அப்படியும் இருக்கிறார்கள்.

கல்வியாண்டின் கடைசி இரண்டு மாதங்களில் பகலில் நான் வகுப்பு எடுத்தது குறைவு. எட்டாம் வகுப்புக் கணக்கை முழுக்க இளைய சயாமா எடுத்தார், நான் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். மாலையில் அடுத்த நாள் பாடத்தை இருவரும் போட்டுப் பார்ப்போம். இப்போது அவர் வினாத்தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். அண்மையில் வந்ததில் ஒரு கேள்வி: ரோஜாத் தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போவதற்குள் நூற்றுக்கு 8 பூ வாடிவிடும். சந்தையில் 460 பூ வேண்டுமென்றால் எத்தனை பறிக்க வேண்டும்? பாதிப் பேர் 460-க்கு 8 சதவீதம் கண்டுபிடித்து, அதைக் கூட்டி 497 என்று எழுதியிருந்தார்களாம். விடை 500. திங்கட்கிழமை அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கப்போகிறாராம், இந்த முறை உண்மையான பூக்களை வைத்து.